இலவசமாக ஒரு குரல்

— அந்தக் காது மெஷினை எங்க வீட்டுக்காரருக்கு இப்பவே மாட்டிடாதே தம்பி. அவருக்குக் கேட்காதப்பவே உன்கிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன்.

— கேளுங்கம்மா. ஐயா காலண்டரைத்தான் பார்த்துட்டிருக்கார்.

— நான் மெதுவாப் பேசினா மட்டும் இவருக்குக் கேட்கிறதில்ல. போன வாரம் பக்கத்துல உக்காந்து, நெஞ்சு படபடங்குதுங்கன்னு சொல்றேன். மனுஷன் பேப்பரைத் திருப்பறார். என் தங்கச்சி வந்து ஏதாவது சொன்னா மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பு!

— பாருங்கம்மா, போன வருஷம் சந்தா கட்டறதை நிறுத்திட்டீங்க…

— நல்லாயிருக்கே! முழு விலையும் கொடுத்துத்தானே வாங்கினோம்?

— மெஷின் உங்களுதுதாம்மா. குரலைப் பிரிச்சுத் தெளிவாக் கொடுக்கிறதுக்குத்தான் மாசச் சந்தா. கம்பெனிக்காரங்க நடுவுல மாத்திட்டாங்க.

— நாளைக்கு மூக்குக் கண்ணாடிக்கும் மாசாமாசம் கட்டு, இல்லேன்னா எழுத்து மறைஞ்சிடும்பீங்க.

— என்னை வையாதீங்க, நான் சம்பளத்துக்கு உக்காந்திருக்கேன். சந்தா கட்டாதவங்களுக்கு ஒரே ஒரு குரல் இலவசம். போன்ல பதிவு பண்ணிட்டா அது மட்டும் தெளிவாக் கேட்கும். மத்ததையெல்லாம் இரைச்சல்னு தள்ளிடும்.

— ஒண்ணே ஒண்ணா? இவர் யார் குரலை வெச்சிருக்கார்?

— அது அவரோட சொந்த விஷயம்மா…

— முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன், எனக்குத் தெரியாத சொந்த விஷயமா? என் தங்கச்சிதானே? மறைக்காதே. உன் முழியே சரியில்ல.

— ஐயோ, என் முழியே இப்படித்தாம்மா. இருங்க… ஒரு பதிவு இருக்கு. பேரு ‘வீட்டுக்காரி’ன்னு போட்டிருக்கார்.

— எந்த வீட்டுக்காரி? வாடகை வாங்க வர்றவளும் வீட்டுக்காரிதான்.

— போடறேன், நீங்களே கேளுங்க.

— “யோவ்! குழாயைத் திறந்து விட்டுட்டு எங்கய்யா போய்த் தொலைஞ்சே!”

— இது நீங்கதானேம்மா?

— நான்தான். அடக் கடவுளே, இப்படியா கத்தறேன்?

— அதான் விஷயம். மெஷின் இந்தக் கத்தலைத்தான் நீங்கன்னு நெனைச்சிட்டிருக்கு. மெதுவாப் பேசினா யாரோன்னு தள்ளிடுது. உங்க தங்கச்சி எப்படிப் பேசுவாங்க?

— அவளா? தெருக்கோடி வரைக்கும் கேட்கும். குரலும் ரெண்டு பேருக்கும் ஒரே அச்சு.

— அப்ப மெஷின் அவங்களையும் நீங்கன்னு உள்ளே விட்டிருக்கு.

— இவர் முப்பது வருஷம் தகரப் பட்டறையில இருந்து காதைத் தொலைச்சவர் தம்பி. கத்திக் கத்தி எனக்கும் அதுவே பழகிப்போச்சு. அதுக்காக, பதிவு பண்ண இதுதானா கிடைச்சுது? கேலிக்குத்தான் பண்ணியிருக்கார். தங்கச்சிக்குப் போட்டுக்காட்டித்தான் அந்தச் சிரிப்பு!

— மாட்டி விடறேன், அவரையே கேட்டுடுங்க. எங்க கம்ப்யூட்டர்ல இணைச்சிருக்கிற வரைக்கும் எல்லாக் குரலும் கேட்கும். கத்த வேண்டாம்.

— ஏங்க… கேட்குதா?

— கேட்குதே. யாரு… நீயா பேசறே?

— நான்தான். அந்தக் கத்தலை எதுக்குங்க பதிவு பண்ணீங்க? யாருக்குப் போட்டுக்காட்ட?

— யாருக்குமில்ல. சந்தா முடிய எட்டு நாள் இருந்துச்சு. எல்லாம் கேட்டுக்கிட்டிருந்த எட்டு நாள். போனைக் கையில வெச்சுக்கிட்டு உன் பின்னாலயே நடந்தேன். மெதுவா ஒரு வார்த்தை சொல்லுவே, பிடிச்சு வெச்சுக்கலாம்னு.

— எட்டு நாளும் நான் ஒண்ணுமே சொல்லலையா?

— சொன்னே. பூனைகிட்ட சொன்னே. எனக்குச் சொல்லாததைத் திருடி வெச்சுக்க மனசு வரல.