மாமனாருக்கு வேறை கக்கூஸ்

“மாமன் போற கக்கூசுக்கு மருமகள் போகக் கூடாதாம்!”

லண்டன் அப்டன் பார்க்கில் பஸ் ஏறி, எனக்குப் பின்சீற்றில் இருந்த தமிழ்ப் பெடியன் பக்கத்திலிருந்த தன் மனுசிக்குச் சொன்னான்.

“ஆர் சொன்னது?”

“ஆபிரிக்காவில, எங்கட தொண்டு நிறுவனம் வேலை செய்த ஊர்ச் சனம். வீட்டுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக்குடுத்தம். ஒருத்தரும் போகினமில்லை. இன்னும் ஆத்தங்கரைதான். அந்தத் தண்ணியைத்தான் பிள்ளையளும் குடிக்குதுகள். விசர்ச் சனம்.”

“விசரோ? உங்கட அப்பா கக்கூஸ் வாசலில கதிரை போட்டுப் பேப்பர் வாசிக்கேக்க, நான் எத்தினை நாள் அடக்கிக்கொண்டு வேலைக்கு ஓடினனான் தெரியுமோ?”



“அப்ப, வீட்டுக்கு ரெண்டு கட்டவேணும் எண்டு நிறுவனத்துக்குச் சொல்லட்டோ?”

“ஓம், சொல்லுங்கோ. ஆனால் முதல் எங்கட வீட்டில தொடங்குங்கோ.”