கத்தியோடு வந்த தகப்பனும் கால் நொண்டிய மகனும்

விழாத் தலைவர் ஜெயப்பிரகாஷ் ஐயா அவர்களே, பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் விடிவதற்கு முன்பே மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, எங்கள் எல்லார் வயிற்றையும் ஆளும் சமையலறை அரசி ரங்கம்மாள் அக்கா அவர்களே, முதல் வரிசையில் அமைதியாக இருப்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கும் என் இல்லத்துச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் சிஸ்டர் மணிமொழியின் பணிவான வணக்கம்.

தொண்டு பற்றிப் பேசச் சொன்னார்கள். தொண்டு என்றால் என்ன? துவண்டவனைத் தூக்குவதா? துயரத்தைத் துடைப்பதா? தூங்குகிற பையனைக் காலை ஐந்து மணிக்குத் துரத்திக் குளிக்க வைப்பதா? மூன்றாவதை மட்டும் நான் திறம்படச் செய்கிறேன். கைதட்டாதீர்கள் தம்பிகளே, நாளைக்கும் ஐந்து மணிதான்.

சென்ற மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் விடுமுறை நெருங்குகிறது. ஐந்தாம் வகுப்புக் கவியரசனின் அப்பா, வெள்ளிமலைக்காரர் சின்னதுரை, எங்கள் வாசலில் வந்து நிற்கிறார். தோளில் சாக்கு. சாக்கிலிருந்து எட்டிப் பார்க்கும் கரும்பு வெட்டும் கத்தி. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வெட்டுக்குப் போகிறார் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

கரும்பு வெட்டுக் காலம் என்றாலே, மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் எங்கள் இல்லத்துக்குக் கலக்கம். அதற்கு முந்தைய ஆண்டு, “லீவு முடிஞ்சதும் கொண்டாந்து வுட்டுர்றேன்” என்று ஒரு தகப்பன் வெட்டுக்குக் கூட்டிப்போன பிள்ளை இன்றுவரை திரும்பவில்லை. ஆகவே பையன்கள் கத்தியைப் பார்த்தார்கள், கவியரசனைப் பார்த்தார்கள், கதையை முடிவு செய்துவிட்டார்கள்.

கிணற்றடியில் அவசரக் கூட்டம். தலைமை, சுபாஷ்.

“டேய், நீ வேலைக்காவ மாட்டன்னு தெரிஞ்சா உங்கப்பா வுட்டுட்டுப் பூடுவாரு. நொண்டு.”

“எந்தக் காலுடா?”

“எதனா ஒரு காலு. மாத்தி மாத்தி நொண்டாத, அவ்ளோதான்.”

யாரப்பா அங்கே சிரிப்பது? சுபாஷா? சிரி, சிரி, மீதியையும் சொல்கிறேன்.

நான் இதைத் தடுத்தேனா என்று கேட்பீர்கள். நான் எங்கே இருந்தேன் தெரியுமா? அறைக்குள் நின்று, குழந்தைகளின் உரிமையைப் பற்றி அந்த மனிதரிடம் முழங்க வேண்டிய உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

நான் வாசலுக்கு வந்தேன். கவியரசனும் வந்தான். நொண்டினான். இடக்கை நடுங்கியது, அது இன்னொரு பையன் சந்தோஷ் கொடுத்த யோசனை. அப்பா ஆசையாக நீட்டிய பொரி உருண்டையைக் கீழே நழுவவிட்டான். அவன் வாழ்வில் அதைவிடப் பெரிய தியாகம் இருக்காது.

சின்னதுரையின் முகம் வெளுத்தது. “இன்னாங்க சிஸ்டர், புள்ளைக்கு இன்னா ஆச்சு? இங்க வுடும்போது ஆட்டுக்குட்டியாட்டம் குதிச்சிக்கினு இருந்தானே.”

நான் வாயைத் திறப்பதற்குள் சுபாஷ் முந்திக்கொண்டான். “ரொம்ப நாளாவே இப்டிதாங்க. எந்த வேலைக்கும் லாயக்கில்லீங்க.”

“ரொம்ப நாளாவா?”

அவ்வளவுதான். சாக்கைக் கீழே போட்டார். மகனை அள்ளித் தோளில் போட்டார். “கரும்பு கெடக்குது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரில காட்டிட்டு வூட்டுக்கே இட்டுக்கினு போறேன். இனிமே இங்க வோணாங்க. நல்லா இருந்த புள்ளைய இப்டி ஆக்கிட்டு, எனக்கு ஒரு போனு கூடப் போடலியே நீங்க.”

பிள்ளை போகாமலிருக்கப் போட்ட நாடகம், பிள்ளை போவதற்கே பாதை போட்டுவிட்டது. என் உரை? ஒரு வரிகூட நினைவில் இல்லை.

கேட்டைத் தொட்டுவிட்டார். அப்போது தோளில் தலைகீழாகத் தொங்கியவன் கதறினான். “எறக்கி வுடுப்பா. எனக்கு ஒண்ணுமில்ல. கரும்பு வெட்டக் கூப்புட வந்துட்டன்னு நெனச்சி நொண்டினேம்பா. நா இங்கியே படிக்கிறேன்.”

இறக்கிவிட்டார். நடக்கச் சொன்னார், நடந்தான். ஓடச் சொன்னார், வேப்பமரம் வரை ஓடித் திரும்பினான். சின்னதுரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“உன்ன யார்றா கூப்புட வந்தா? நானும் உங்கம்மாளும் வெட்டுக்குப் போறோம், வூட்ல யாரும் இல்ல. லீவுலயும் புள்ளைய இங்கியே வெச்சிக்குவீங்களான்னு சிஸ்டராண்ட கேக்க வந்தேன். என்ன எங்க கேக்க வுட்டீங்க?”

அவையோரே, காலையில் கேட்டோம், மாலையில் கேட்டோம். முழந்தாளிட்டுக் கேட்டோம், முணுமுணுத்துக் கேட்டோம். இந்தப் பிள்ளைகளைக் காத்தருளும் என்று வானத்தைப் பார்த்துக் கேட்டோம். வாசலில் நின்ற தகப்பனைப் பார்த்து, வாருங்கள், உட்காருங்கள், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டோமா? ஏழைத் தகப்பன் என்றால் பிள்ளையின் படிப்பைப் பறிப்பவன் என்று எங்களுக்குச் சொன்னது யார்? கத்தியைக் கண்ட கண்ணுக்கு, அந்தக் கத்தி யாருக்காக உழைக்கிறது என்பது ஏன் தெரியவில்லை? ஒரு பருவத்துப் பிழைப்பை ஒரு நொடியில் உதறிவிட்டு மகனைச் சுமந்தாரே, அந்தத் தோளைவிடப் பெரிய இல்லத்தை எவரால் கட்ட முடியும்? அந்தத் தோள் கரும்பு சுமக்கும் நேரத்தில் பிள்ளையைக் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்கிறோம். எங்கள் தொண்டு அவ்வளவுதான். அதுவே எங்களுக்குப் போதும்.

கவியரசன் எங்களோடுதான் பொங்கல் சாப்பிட்டான். எத்தனை முறை வாங்கிச் சாப்பிட்டான் என்பது ரங்கம்மாள் அக்காவுக்குத் தெரியும்.

இந்த மேடையில் இதுவரை பெற்றோர் எவரும் பேசியதில்லை; நாங்கள் பேச, அவர்கள் கைதட்டிவிட்டுப் போவார்கள். இன்று அது மாறுகிறது. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னதுரை அண்ணே, மேலே வாங்க. உங்களுக்கு என்னவெல்லாம் கேட்க வேண்டுமோ, கேளுங்கள். நீங்கள் முடிக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். அது எனக்கு எவ்வளவு கடினம் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட உங்கள் அனைவரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. நன்றி கூறி, வணங்கி, மைக்கை அண்ணனிடம் கொடுக்கிறேன்.