அம்மா வைத்த சாம்பார்

திருச்சுழி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் துணிப்பையோடு இருந்தார்கள்.

“அத்தே, நேத்து நீங்க வச்ச சாம்பார நான் வச்சதா நெனச்சு, ‘எங்கம்மா பக்குவம் வருமா’ன்னு தட்டத் தள்ளிட்டாரே உங்க மகன்!”

“தெனமும் இப்படித்தானா?”

“கல்யாணம் ஆனதுலருந்து.”

மருமகளின் போன் அடித்தது. மாமியார் வாங்கிக்கொண்டார்.

“ஏலே, பருப்புக்கு எத்தன விசிலுன்னு அவளக் கேக்காத. ரெண்டு பேரும் உன் தங்கச்சி வீட்டுக்குப் போறோம். நீயே வச்சுப் பாரு. வாய்க்கு வெளங்குனா சொல்லு, வாரோம்.”

பஸ்ஸே சிரித்தது. என்னால் முடியவில்லை. நானும் நாற்பது வருடம் அப்படித்தான் தட்டைத் தள்ளினேன். என் மனைவி ஒருநாளும் கோபித்துக்கொண்டு போகவில்லை. மறுநாள் புளியைக் குறைத்துப் பார்த்தாள். சாகும்வரை குறைத்துப் பார்த்தாள்.