பூ அறையில் வைத்த பை

அண்ணே, இங்கே காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது. இந்தக் குளிரைத்தான் நான் நம்பினேன். இதைப் போனில் பேசியே அனுப்புகிறேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம்.

இந்த மலையூர் திரிங்காப்பில், பூக் கிடங்கில் நான் வேலை செய்வது உனக்குத் தெரியும். அதே கட்டடத்தில் முதலாளி இன்னோர் அறையும் வைத்திருக்கிறார். நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த உயிருள்ள செல்களைப் பையில் அடைத்து, திரவ நைட்ரஜன் டேங்கில் உறைய வைத்திருக்கும் அறை. அதைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

அதில் ஒரு பை தாமரையுடையது. நான் தங்கியிருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக் குழந்தை. ஆறு வயது, வயிற்றில் கட்டி. அவள் அம்மா யுவனேஸ்வரி அக்கா கொழுந்து எடுக்கிறவர். எனக்கும் சேர்த்துத்தான் சோறு கட்டுவார். "ஒன் கையிலதான் எம்புள்ள உசுரு இருக்கு தம்பி, பாத்துக்க லா" என்பார்.

ஒரு மழையில் ரோடு சரிந்து நைட்ரஜன் லாரி மலையேறவில்லை. டேங்கில் நைட்ரஜன் குறைந்துகொண்டே வந்தது. மூடியைத் திறக்காதே, காத்திரு என்று முதலாளி கீழே ஈப்போ டவுனிலிருந்து போனில் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. திறந்து, தாமரையின் பையை மட்டும் எடுத்து, பூக்களைக் குளிரில் வைக்கும் பூ அறையில் செவ்வந்திக் கட்டுகளுக்கு நடுவில் வைத்தேன். அங்கே பறித்த பூ வாரக்கணக்கில் வாடாது. குளிர் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். பை இளகியது. லாரி வந்ததும் திரும்ப டேங்கில் இறக்கினேன். முன்பு போலவே கல்லானது. டேங்கிலேயே கிடந்த மற்ற பைகள் எல்லாம் தப்பின.

டேங்கைச் சோதிக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குமுதாவிடம், இளகிய பையைத் திரும்ப உறைய வைக்கலாமா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"என்னா தம்பி, இது மார்க்கெட் மீனா, வெளிய வெச்சிட்டு மறுபடி ஐஸ்ல போட? செல்லு செத்துரும் லா. ஏன் கேக்குற?"

"சும்மாத்தான்."

மற்றதையும் அவளே சொன்னாள். கட்டியை அழிக்க ஏற்றும் மருந்தில் எலும்பு மஜ்ஜையும் செத்துவிடும். பிறகு ரத்தம் ஊற இந்தச் செல்கள்தான் வேண்டும். பை கெட்டது முன்பே தெரிந்தால் மருந்தை நிறுத்திவைத்து, குழந்தையிடமிருந்து மறுபடி எடுத்துக்கொள்வார்களாம்.

தாமரைக்கு மருந்து தொடங்க அப்போது இன்னும் நாள் இருந்தது.

என் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. நான் சொல்லி, வேலை பர்மிட் போனால் ஊரில் யார் முகத்தில் விழிப்பேன்? நிதானமாகத்தான் யோசித்தேன். நூறில் ஒரு செல்லாவது பிழைத்திருக்காதா என்று தோன்றியது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் யுவனேஸ்வரி அக்கா என் வாசலில் நின்றார்.

"தம்பி, அது நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. நான்தானே பாத்துக்கிறேன்."

நீலக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு தாமரை கேட்டாள்: "மாமா, என் பைக்கு ஸ்வெட்டர் போட்டீங்களா?"

போட்டேன் என்றேன்.

பையை நானே பெட்டியில் வைத்து அனுப்பினேன். செல்களை ஏற்றிய பிறகும் ரத்தம் ஊறவில்லை. காய்ச்சல் வந்தது, இறங்கவே இல்லை. நேற்று அவளைப் புதைத்தோம். குழி வெட்டியவர்களில் நானும் ஒருவன். பக்கத்து வீடுகளிலிருந்து வந்த சோற்றில் யுவனேஸ்வரி அக்கா எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தார்.

"நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட தம்பி. அவ ஒடம்புதான் ஏத்துக்கல."

சாப்பிட்டேன்.

நான் கெட்டவன் இல்லை, அண்ணே. யாராவது ஒருவர் என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.