அன்னக்கொடியின் இரண்டு வீடுகள்

இல்லை சார், பதினோரு வீட்டில் ஒன்றுகூட என் பெயரில் கிடையாது. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். எனக்கென்று இருப்பது ஒரு ஜீப்பும் மலைச்சரிவில் ஒரு ஏலத்தோட்டமும்தான்.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதும் போடியில் வீட்டு விலை ஏறியது. அரசாங்கம் கவலைப்பட்டு, பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் சலுகை என்றது. பெண்கள் முன்னேற வேண்டுமாம். நானும் சிலரை முன்னேற்றினேன். எல்லோரும் என் ஜீப்பில் தினமும் ஏலக்காய் எடுக்க மலையேறுகிறவர்கள். ஆதார் நகல் ஏற்கெனவே என் கையில் இருந்தது. பதிவு நாளன்று கூலியோடு பிரியாணியும் கொடுத்தேன். எதற்குக் கைரேகை என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

அவர்களில் சிலமலை ஊர்க்காரி அன்னக்கொடி மட்டும் அரசு வீட்டுக்கு மனுப் போட்டாள். தகரக் கூரை ஒழுகுகிறதாம். உன் பெயரில் இரண்டு வீடு இருக்கிறதே என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். மறுநாள் ஜீப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

“முத்துக்கண்ணண்ணே, எனக்கு ரெண்டு வீடாம்ல! ஒண்ணுல நான் இருந்துக்கிறேன். இன்னொண்ணுல ஒங்கள வாடகைக்கு வச்சுக்கிறேன். சாவியக் கொண்டாங்க.”

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சட்டப்படி அவள் கேட்டது சரிதான். ஆனால் ஒருத்திக்குச் சாவி கொடுத்தால் மற்றவர்களும் கை நீட்டுவார்கள். இரண்டையும் என் மனைவி பெயருக்கு எழுதிக் கொடுக்க அன்னக்கொடியிடம் சொன்னேன். மாட்டேன் என்றாள். அன்று சாயங்காலம் காய் உலர்த்தும் சூட்டறையில் அவளை விட்டுப் பூட்டினேன், நிதானமாக யோசிக்கட்டும் என்று. அவளுக்காக அடுப்பை மூட்டவில்லை சார். அன்றைக்குக் காய் போட வேண்டிய முறை.

கொஞ்ச நேரம் கதவைத் தட்டினாள். “எழுதித் தர்றேண்ணே, வெரசா தெறங்க” என்றாள். கேட்டது. ஆனால் மிரட்டி வாங்கும் பத்திரம் செல்லாது. அந்த அளவு சட்டம் எனக்குத் தெரியும். காய் உலரப் பதினெட்டு மணி நேரம் ஆகும். அதன் பிறகுதான் திறந்தேன். காய் பச்சை மாறாமல் நன்றாக வந்திருந்தது.

அவள் போனால் வீடு மகளுக்குப் போகும் என்பதைத்தான் யோசிக்காமல் விட்டேன். மகாராணி என்ற அந்தப் பெண் ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கிறாளாமே. நர்சிங் படிக்கிறவள், சொன்னால் புரிந்துகொள்வாள். நான் கேட்டால் கோபப்படுவாள். நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லி, அவளே மனப்பூர்வமாக எழுதித் தரும்படி செய்ய முடியுமா, சார்?