மார்வாவின் ஜெனரேட்டர் ஏன் நின்றது

மிதியடிகளைப் பற்றி எனக்குப் பெரிதாக அபிப்பிராயம் எதுவும் கிடையாது. வாசலில் கிடக்கிறதா, காலைத் துடைத்தோமா, உள்ளே போனோமா, அவ்வளவுதான். நீங்கள் இந்த முகாமின் பொறுப்பாளர், லொரெட்டா. கேட்டீர்கள், சொல்கிறேன்.

ஏப்ரல் பிறந்தால் இந்த அரிசோனாப் பாலைவனத்தில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. குளிருக்குத் தப்பி வந்தவர்கள் எல்லாம், வெயில் ஏறியதும், குடியிருக்கும் வீட்டு வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அது அவர்கள் இஷ்டம். ஆனால் பக்கத்து வண்டி மார்வா, வண்டியையே விற்றுவிட்டு டெக்சாஸில் மகள் வீட்டு மாடியறைக்குப் போகிறேன் என்றாள். வாங்க வந்தவர்களுக்கு ஒரே நிபந்தனைதான்: ஏசி இரண்டையும் போட்டாலும் ஜெனரேட்டர் நிற்காமல் ஓட வேண்டும்.

அவர்கள் வருவதற்குச் சற்று முன்பு மார்வாவின் மிதியடியைக் கழுவினேன். தடித்த ரப்பர். காய வேண்டுமே என்று வண்டியின் அடிப்பக்கம் இருக்கும் ஜெனரேட்டர் பெட்டியில், காற்று உள்ளே போகும் சல்லடைமேல் சாய்த்து வைத்தேன்.

விளக்குக்கு மட்டும் ஓடும்போது ஜெனரேட்டருக்குக் கொஞ்சம் காற்று போதும். ஏசி போட்டு லோடு ஏறினால் சூடாகும். குளிர்ந்த காற்று கிடைக்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும். அதை நான் நிறுத்தவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

நின்றது. சரிசெய்து வையுங்கள், இன்னொரு நாள் வருகிறோம் என்று அவர்கள் போனார்கள்.

நம் முகாம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யாராவது ஒரு இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் போதும், ஆண்கள் மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவார்கள்.

"ஃபில்டர் அடைச்சிருக்கும்."

"ஃபில்டராவது மண்ணாவது. டாங்கு கால்வாசிக்குக் கீழ போனா ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஏறாது. வண்டி நடுரோட்ல நின்னுடக் கூடாதுன்னு குழாயையே அப்படித்தான் வச்சிருப்பான்."

"யோவ், டாங்கு ரொம்பி வழியுது."

"அப்ப ஃபில்டர்தான். நான் அப்பவே சொன்னேன்ல."

டுவைட் மட்டும் நாற்காலி கொண்டுவரவில்லை. நெப்ராஸ்காக்காரர், மனைவியை இழந்தவர், கீழே படுத்துப் பார்க்கிற ரகம். ஜல்லிக் கற்கள் முதுகில் குத்தின. பக்கத்தில் ஒரு மிதியடி நின்றுகொண்டிருந்தது. எடுத்துக் கீழே விரித்துப் படுத்தார். அவர் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து மாட்டியதும் ஜெனரேட்டர் இரண்டு ஏசியையும் இழுத்துக்கொண்டு அமோகமாக ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். டுவைட் எழுந்து, தூசி தட்டி, மிதியடியை எடுத்த இடத்திலேயே ஒழுங்காக வைத்தார். நம்மவர்களின் பண்பாடு அப்படி. இரவல் வாங்கிய பொருளை இருந்த இடத்தில் வைக்காத ஒருவரை இந்த முகாமில் நான் பார்த்ததில்லை.

அன்று மாலை மறுபடி நின்றது.

பிறகு ஃபில்டர் மாற்றினார்கள். ஓடியது, நின்றது. கார்புரேட்டர் மாற்றினார்கள். ஆயில் சென்சார் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் டுவைட் படுத்தார், ஓடியது, எழுந்தார், நின்றது. முதல் நாளுக்குப் பிறகு நான் அந்த மிதியடியைத் தொடவே இல்லை. என் பங்கு அவ்வளவு சிறியது.

வண்டிக்குள் வெயில் அடுப்பாகக் காய்ந்தது. மார்வா ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைக்குப் போய் ஐஸ் மூட்டை வாங்கி வந்தது யார்? நான்தான். ஒருநாள் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் நான்தான்.

"வெண்டல், நீங்க மட்டும் இல்லன்னா என் கதி என்ன ஆயிருக்கும்?" என்றாள்.

அந்தக் கேள்வியைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

வாங்க வந்தவர்கள் மறுபடி வந்தார்கள். மறுபடி நின்றது. இந்த வண்டியே வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு இதில் சொந்த லாபம் எதுவும் இல்லை. மாடியறையில் ஒரு பெண்மணி முடங்கிப் போகக் கூடாது என்ற பொதுவான அக்கறைதான். அன்று சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அவள் படியில் டுவைட் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான்.

"வண்டிய விக்கல வெண்டல்," என்றாள் மார்வா. "நானும் டுவைட்டும் இதுலயே அலாஸ்கா போறோம். அங்க ஏசியே வேணாமாம்."

"லோடே இல்லன்னா ஏன்யா நிக்கப்போவுது?" என்றான் டுவைட். "இத்தனை நாளா கீழ படுத்து, இவங்க குரலை மட்டும் கேட்டுட்டே இருந்தனா, பழகிப்போச்சு."

கைகொடுத்து வாழ்த்தினேன். பிறகு வழியில் உதவட்டும் என்று என் சாலை வரைபடத்தையும் கொடுத்தேன்.

இன்று காலை அந்த வண்டியின் ஆறு டயரிலும் காற்று இல்லாததைப் பற்றித்தானே கேட்டீர்கள். ஆமாம், நான்தான் இறக்கினேன். அலாஸ்கா சாலைகளில் இன்னும் பனி இருக்கும். அந்த வயதில் இரண்டு பேர் அவசரப்பட்டு விழுந்துவிடக் கூடாது. பக்கத்து வண்டிக்காரன் வேறு எதற்கு இருக்கிறேன்? ஐஸ் பெட்டியில் ஐஸ் நிரப்பி, வெண்ணிலாக் கேக்கும் வாங்கி வைத்திருக்கிறேன். உட்கார்ந்து நிதானமாக யோசிக்கட்டும்.

அது இருக்கட்டும் லொரெட்டா. விஷயம் தெரிந்ததும், மார்வா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?