எந்தச் சுவர்

கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள்.

"எந்தச் சுவரை இடிச்சா வீடு விழும்னு எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும் அக்கா," என்றாள் இளையவள்.

நான் கைப்பேசியைப் பைக்குள் வைத்தேன்.

"பிளான் இருக்கும்ல?"

"ஏது பிளான்? லோரி ஓட்டுனவரு, கட்டட வேலைய யார்கிட்டயும் படிக்கல. வீடு சங்கு மாதிரி வேணும்னு கம்பிய வளைச்சு, சிமெண்ட்டைக் கையாலயே பூசிக் கட்டுனாரு. எங்க ஊரு ஜெஞ்சாரோம்ல எல்லாரும் வந்து படம் புடிப்பாங்க. கணக்கெல்லாம் அவரு மண்டைக்குள்ளதான். இப்ப ஸ்ட்ரோக் வந்து பேச்சே போயிருச்சு."

"அப்புறம் எதுக்கு இடிக்கிற?"

"பாத்ரூமுக்குள்ள வீல்சேர் நுழையல. நாளைக்குக் கொன்ட்ராக்டர் வராரு."

"அவரையே கேளு லா."

"கேட்டேன். ஒவ்வொரு சுவர்கிட்டயும் தள்ளிட்டுப் போயி, இதை இடிக்கலாமான்னு கேட்டேன். எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டுறாரு."

நான் இறங்க வேண்டிய நிலையம் வந்து போனது. எழுந்திருக்கவில்லை.

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இடிக்கிறப்ப அவரை வெளிய கொண்டுபோய் உக்கார வச்சிரு."

"அதையும் கேட்டேன் அக்கா. அதுக்கு மட்டும்தான் மாட்டேங்கிறாரு."